குழியைப் பாருங்கள், அப்புறம் திருகுங்கள்

*கருவிப் பெட்டி: வாசகர் கேள்விகளுக்கு, ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பாடம் நடத்தி ஓய்வுபெற்ற ஆசிரியர் பதில் சொல்கிறார். இந்த இதழில் ஸ்க்ரூ தலைகளும் சாவிகளும்.*

ஆன்லைனில் வாங்கிய புத்தக அலமாரி பலகை பலகையாக வந்தது. கூடவே வந்த ஸ்க்ரூ எல்லாம் ஸ்டார் தலை. வீட்டிலிருக்கும் ஸ்டார் ஸ்க்ரூடிரைவரால் திருகினால் பாதியிலேயே வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறது. "உன் கையில் பலம் இல்லை" என்கிறார் கணவர். அவர் திருகினாலும் அதே கதைதான். (வாசகி, மதுரை)

பலத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். ஒரு ஸ்க்ரூவை எடுத்து, தலையை வெளிச்சத்தில் பாருங்கள். கூட்டல் குறியின் நான்கு கைகளுக்கு இடையே, மூலைக்கு ஒன்றாக மெல்லிய கோடு கீறியிருக்கிறதா? இருந்தால் அது கடையில் நாம் ஸ்டார் என்று கேட்டு வாங்கும் பிலிப்ஸ் இல்லை. போசிடிரைவ் என்ற வேறு சாதி. ஐரோப்பிய முறையில் செய்த பலகைச் சாமான்களோடு பெரும்பாலும் இதுதான் வரும்.

பிலிப்ஸ் தலையின் குழி, அடியில் போகப் போகக் குறுகும். அதன் சுவர்கள் சரிவானவை. நீங்கள் முறுக்க முறுக்க, அந்தச் சரிவு ஸ்க்ரூடிரைவரை மேலே தள்ளும். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்து போர்ட்லாந்துக்காரர் ஹென்றி பிலிப்ஸ், ஜான் தாம்சன் என்பவரின் யோசனையை வாங்கிச் செப்பனிட்டு 1936-ல் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் அதை கேடிலாக் காரில் போட்டது. கார்க்காரர்களுக்குப் பிடித்த விஷயம், ஸ்க்ரூடிரைவரின் முனை தானாகவே குழியின் நடுவில் போய் உட்காரும் என்பது. பழைய மைனஸ் தலையில் அது நடக்காது, முனை பக்கவாட்டில் ஓடிவிடும். வரிசையில் கார் நகர்ந்துகொண்டே இருக்க, மெஷினால் திருகுகிறவனுக்கு அந்த வசதி பெரிது. வெளியே தள்ளுகிற குணம், அளவுக்கு மீறி இறுக்காமலிருக்க வேண்டுமென்றே வைத்தது என்பாரும் உண்டு, தானாக வந்து சேர்ந்த தொல்லை என்பாரும் உண்டு. எப்படியிருந்தாலும் கீறல் விழுவது உங்கள் பலகையில்தான்.

இந்தக் குறையைத் தீர்க்க 1960-களில் வந்ததுதான் போசிடிரைவ். குழியின் சுவர்கள் ஏறக்குறைய நேராக இருக்கும், கைகளுக்கு இடையில் கூடுதல் பிடிப்பும் உண்டு. அதனுடைய சொந்த ஸ்க்ரூடிரைவரைப் போட்டால் நன்றாகக் கவ்விக்கொள்ளும். பிலிப்ஸைப் போட்டால் அரைகுறையாக உட்கார்ந்து, நாலு திருகில் குழியைத் தின்றுவிடும். எதிர்ப்பக்கமும் அப்படியே. போசிடிரைவ் முனையை பிலிப்ஸ் தலையில் வைத்தால், அதன் நடு விளிம்புகள் இடித்துக்கொண்டு முழு ஆழம் இறங்காது.

கடையில் "ஸ்டார் கொடுங்க" என்று கேட்காதீர்கள். "பி.இசட். 2 பிட்" என்று கேளுங்கள், பி.இசட். என்பது போசிடிரைவின் சுருக்கம். 3.5 முதல் 5 மி.மீ. தடிமன் வரையுள்ள மர ஸ்க்ரூவுக்கு அதுதான் அளவு. 3 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 1-ம் எண், 6 மி.மீ.க்கு 3-ம் எண். பிலிப்ஸிலும் எண்கள் இதே வரிசைதான், பெயர் மட்டும் பி.எச். நம் வீடுகளில் வழுக்குகிற பிலிப்ஸ் ஸ்க்ரூக்களை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் 2-ம் எண் தலையில் 1-ம் எண் ஸ்க்ரூடிரைவரைப் போட்டுச் சுற்றியிருப்பார்கள். செட்டில் எது முதலில் கைக்கு அகப்படுகிறதோ அதை எடுக்கிற பழக்கம்!

அப்பாவின் ஆர்.எக்ஸ். 100 பைக்கை மறுபடி ஓட்ட ஆசை. கிளட்ச் பக்க மூடியின் ஸ்டார் ஸ்க்ரூ ஒன்றுகூட அசையவில்லை. நல்ல கம்பெனி ஸ்க்ரூடிரைவர்தான். இரண்டு தலை ஏற்கனவே வழுக்கிவிட்டது. (வாசகர், கரூர்)

முதலில், மீதி ஸ்க்ரூக்களில் கை வைக்காதீர்கள். அந்தத் தலைகளைத் துடைத்துப் பாருங்கள். தேயாமல் இருந்தால், குழியின் ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி பதிந்திருக்க வாய்ப்பு உண்டு. ஜப்பான் தர அளவுப்படி செய்த தலை என்பதற்கு அதுதான் அடையாளம். பார்வைக்கு அச்சு அசல் பிலிப்ஸ். ஆனால் குழியின் அடிப்பகுதியும் வளைவும் வேறு. பிலிப்ஸ் முனை முழுதாக உட்காரும் முன்பே அடியில் இடித்து நின்றுவிடும், பக்கச் சுவர்களில் சரியாகப் பதியாது. உங்கள் ஸ்க்ரூடிரைவர் நல்ல கம்பெனி என்பதால் குழி வேறாகிவிடாது. 80, 90-களில் ஜப்பான் கம்பெனிகளோடு கூட்டு சேர்ந்து இங்கே செய்த பைக்குகளில் எல்லாம் இந்தத் தலைகளைப் பார்க்கலாம். புள்ளி இல்லாமலும் வந்திருக்கும், அதனால் புள்ளி இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

இந்த ஜப்பான் தர அளவின் பெயரைச் சொல்லி, ஜே.ஐ.எஸ். ஸ்க்ரூடிரைவர் என்று கேட்டால் இப்போது ஆன்லைனில் கிடைக்கிறது. அதை பிலிப்ஸ் தலையிலும் போடலாம், சுமாராகவாவது உட்காரும். பழைய மெக்கானிக்குகள் செய்த வேலை வேறு: பிலிப்ஸ் பிட்டின் நுனியை எமரியில் ஒரு மயிரிழை தேய்த்துத் தட்டையாக்கிவிடுவார்கள். அதுவும் வேலை செய்யும்.

இனி கழற்றுவது. உங்களுக்கு வேண்டியது கையால் பிடித்துச் சுத்தியலால் அடிக்கிற இம்பாக்ட் டிரைவர். தலையில் ஒரு அடி விழுந்தால், உள்ளே இருக்கும் சரிவு அந்த அடியைச் சிறு சுழற்சியாக மாற்றும். அதே நொடியில் முனை குழிக்குள் அழுத்தப்படுவதால் வெளியே துள்ளவும் வழியில்லை. திசையை 'கழற்று' பக்கம் வைத்திருக்கிறீர்களா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். என் மாணவர்கள் இறுக்குகிற பக்கம் வைத்துக்கொண்டு உற்சாகமாக அடிப்பதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவன் நான்.

அடிப்பதற்கு முந்தைய நாள் இரவே துரு இளக்கும் எண்ணெயை விடுங்கள். மூடி அலுமினியம், ஸ்க்ரூ இரும்பு. இத்தனை வருட ஈரத்தில் இரண்டுக்கும் நடுவே வெள்ளையாகப் பூத்துப் பிடித்திருக்கும். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும் என்பதால் ஸ்க்ரூவைச் சுற்றி ஹீட் கன்னைக் காட்டினால் பிடி தளரும். பெட்ரோல் டேங்க் மேலே உட்கார்ந்திருக்கிறது, தீ ஜுவாலை பக்கம் போகவே வேண்டாம்.

எல்லாம் கழன்ற பிறகு, திரும்ப அதே ஸ்க்ரூக்களைப் போட வேண்டாம். ஆர்.எக்ஸ். வைத்திருப்பவர்கள் பெரும்பாலும், தலையில் ஆறுபட்டைக் குழி உள்ள ஆலன் போல்ட் செட் வாங்கி மாற்றிக்கொள்கிறார்கள், நல்ல முடிவு. ஒரு எச்சரிக்கை: ஆலன் கீ வழுக்காது என்பதால் கை தாராளமாக இறுக்கும். அந்தப் பக்கம் மரை அலுமினியத்தில் வெட்டியது. 6 மி.மீ. போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டரைத் தாண்டாதீர்கள். தாண்டினால் மரை உரிந்து போல்ட்டோடு சுருளாக வரும், அப்புறம் லேத்துக்காரரிடம்தான் போக வேண்டும்.

கரண்ட் டெஸ்டரை வைத்தே எல்லா ஸ்க்ரூவையும் கழற்றி மாட்டுகிறேன். தவறா? (வாசகர், திருநெல்வேலி)

தமிழ்நாட்டில் பாதி வீடுகளில் இதுதான் நடக்கிறது. டெஸ்டரின் கைப்பிடிக்குள் ஒரு நியான் விளக்கும் ஒரு ரெசிஸ்டரும் உண்டு. மின்சாரம் உங்கள் உடம்பில் அதிகம் பாயாமல் தடுப்பது அந்த ரெசிஸ்டர். முறுக்கி முறுக்கி பிளாஸ்டிக் விரிசல் விட்டால், அடுத்த முறை நீங்கள் சோதிப்பது கரண்டை அல்ல, உங்கள் ஆயுசை. தனியாக ஒரு மைனஸ் ஸ்க்ரூடிரைவர் வாங்குங்கள்.

எங்கள் அச்சகத்தில் பழைய ஜெர்மன் மெஷின் ஒன்று, அமெரிக்க மெஷின் ஒன்று. ஆலன் கீ சில குழிகளில் கச்சிதமாகவும் சிலவற்றில் ஆடிக்கொண்டும் இருக்கிறது. இரண்டு செட் வைத்திருக்கத்தான் வேண்டுமா? (வாசகர், சிவகாசி)

வைத்திருக்கத்தான் வேண்டும். அதுவும் தனித்தனி டப்பாவில், டப்பாவுக்கு ஒரு வர்ணம் அடித்து.

ஜெர்மன் மெஷின் மி.மீ. கணக்கு, அமெரிக்க மெஷின் அங்குலக் கணக்கு. சில அளவுகள் கிட்டத்தட்ட ஒன்றாகவே விழும், வம்பு அங்கேதான் ஆரம்பம். 5/32 அங்குலம் என்பது 3.97 மி.மீ., 4 மி.மீ. சாவியோடு மயிரிழை வித்தியாசம். 5/16 அங்குலம் 7.94, இது 8-க்குப் பக்கத்தில். இந்த ஜோடிகளில் ஒன்றுக்கு ஒன்று தப்பித்துவிடலாம். அதைப் பார்த்துவிட்டு ஆள் தைரியமாக 1/8 அங்குலக் குழியில் 3 மி.மீ. சாவியைச் செருகுவார். குழியின் அளவு 3.175. உள்ளே போகும், ஆடும், திருப்பினால் ஆறு மூலையும் மழுங்கி வட்டமாகிவிடும். 1/4 அங்குலம் 6.35. அதில் 6 மி.மீ. சாவியைப் போட்டாலும் இதே கதி. சாவி உள்ளே போவது பொருத்தத்துக்கு அத்தாட்சி அல்ல. கையில் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் தெரிந்தால் வெளியே எடுத்துவிடுங்கள்.

மி.மீ. மெஷினில் போல்ட்டின் தடிமனுக்கும் சாவிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, மனப்பாடம் செய்துகொண்டால் நேரம் மிச்சம். உருளைத் தலை ஆலன் போல்ட்டில் 5 மி.மீ. போல்ட்டுக்கு 4 சாவி, 6-க்கு 5, 8-க்கு 6, 10-க்கு 8, 12-க்கு 10. இதே 6 மி.மீ. போல்ட், தலை குவிந்த பட்டன் வகையாக இருந்தால் சாவி 4-க்கு இறங்கிவிடும். தலையே இல்லாத கிரப் ஸ்க்ரூவாக இருந்தால் 3 தான். சின்னச் சாவி என்றால் கொஞ்சமாக இறுக்கு என்று அர்த்தம். அதில் குழாயைச் செருகி நெம்பக் கூடாது.

கிரப் ஸ்க்ரூ என்றதும் சிவகாசிக்காரருக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் ஷாஃப்ட்டில் புல்லியைப் பிடித்து நிறுத்த, சதுரத் தலை ஸ்க்ரூவை இறுக்குவார்கள். அந்தத் தலை வெளியே துருத்திக்கொண்டு ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றும். தொழிலாளியின் சட்டைக் கை அதில் மாட்டினால் கையும் கூடவே போகும். தலை வெளியே தெரியாமல் உள்ளுக்குள் புதைந்து நிற்கும் ஸ்க்ரூ வேண்டும் என்ற தேவையில்தான் ஆறுபட்டைக் குழி பிழைத்தது. அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டைச் சேர்ந்த வில்லியம் ஆலன் 1910-ல் இதைச் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்று, பாதுகாப்பு ஸ்க்ரூ என்றே விளம்பரம் செய்து விற்றார். ஜெர்மனியில் பவுவர் - ஷவுர்ட்டெ என்ற கம்பெனி 1936-ல் 'இன்புஸ்' என்ற பெயரில் இறக்கியது, அங்கே இன்றைக்கும் மெக்கானிக்குகள் அப்படித்தான் சொல்கிறார்கள். உங்கள் மெஷினின் ஷாஃப்ட்டில் யாராவது பழைய கிரப் ஸ்க்ரூவைத் தொலைத்துவிட்டு, தலை துருத்துகிற சாதாரண போல்ட்டைப் போட்டிருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நுனி தேய்ந்த ஆலன் கீயைத் தூக்கிப் போட வேண்டாம். கிரைண்டரில் தேய்ந்த பகுதியை நேராக வெட்டிவிட்டால் மறுபடி புது மூலை கிடைக்கும். சூடு ஏறி நீலம் பாய்ந்துவிடாமல் அடிக்கடி தண்ணீரில் தோய்க்கவும். உருண்டை நுனி உள்ள சாவி, சாய்வாகப் போட்டுச் சுற்ற வசதி. ஆனால் கடைசி இறுக்கம் எப்போதும் நேர் நுனியால்தான்.

சைக்கிள் டிஸ்க் பிரேக்கின் ஆறு போல்ட்டுகளில் ஆறு இதழ் பூ மாதிரி குழி. 3 மி.மீ. ஆலன் கீ உள்ளே போகிறது. அதையே போட்டுக் கழற்றலாமா? (வாசகர், சென்னை)

வேண்டாம். அது டார்க்ஸ், உங்களுடையது பெரும்பாலும் டி25. இதழ் நுனிக்கு நுனி 4.5 மி.மீ. இருக்கும். ஆலன் கீ இதழ்களுக்கு உள்ளே, நடுவில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். போல்ட் லேசாக இருந்தால் கழன்றுவிடும், பிடித்திருந்தால் இதழ்கள் மழுங்கும். பிரேக் போல்ட்டில் இந்தச் சோதனை எதற்கு?

டார்க்ஸை அமெரிக்காவின் கேம்கார் கம்பெனி 1967-ல் உருவாக்கியது. ஆலன் குழியில் விசை மூலைகளில் குவிகிறது, அதனால்தான் மூலை மழுங்குகிறது. டார்க்ஸில் சுவர் ஏறக்குறைய நேராக நின்று வாங்குவதால் வெடிப்பதும் குறைவு, வெளியே தள்ளுவதும் இல்லை. என்னைக் கேட்டால் இதுவரை வந்த தலைகளில் இதுதான் ஒழுங்கானது. சில இடங்களில் குழியின் நடுவே ஒரு சிறு முளை நிற்கும். கண்டவர் திறக்கக் கூடாது என்பதற்காக வைத்தது. அதற்கு நுனியில் துளையிட்ட சாவி வேண்டும். கடையில் இதையும் ஸ்டார் என்றே சொல்வார்கள், பிலிப்ஸையும் ஸ்டார் என்றே சொல்வார்கள். எண்ணோடு "டார்க்ஸ் டி25" என்று கேட்டால் தகராறு இல்லை.

இங்கே கனடாவில் எந்த மர ஸ்க்ரூவை எடுத்தாலும் சதுரக் குழி. ஊரில் இதை நான் பார்த்ததே இல்லை. ஏன் இப்படி? (வாசகர், ஸ்கார்பரோ, டொரோண்டோ)

உங்கள் வீட்டிலிருந்து மேற்கே, அதிக தூரமில்லாத மில்டன் என்ற ஊரில் பிறந்த தொழில் இது. பி.எல். ராபர்ட்சன் என்பவர் 1908-ல் சதுரக் குழியைக் கண்டுபிடித்து, 1909-ல் கனடாக் காப்புரிமை வாங்கி, மில்டனில் ஃபேக்டரி போட்டார். மைனஸ் ஸ்க்ரூடிரைவர் வழுக்கிக் கையைக் கிழித்ததுதான் அவருக்கு யோசனை வரக் காரணம் என்று கதை சொல்வார்கள். பிட்டில் மாட்டிய ஸ்க்ரூ கீழே விழாது. படுக்கைவசமாகவும் தலைக்கு மேலேயும் ஒரு கையால் வேலை பார்க்கலாம். கூரை வேலை செய்கிறவரைக் கேளுங்கள், அதன் அருமையைச் சொல்வார். பிட்டிலும் நிறத்தை வைத்தே அளவு சொல்லிவிடலாம்: மஞ்சள் 0, பச்சை 1, சிவப்பு 2, கறுப்பு 3. உங்கள் ஊர்க் கடையில் 'சிவப்பு' என்று கேட்டாலே போதும்.

பிலிப்ஸைவிட நல்ல தலை, பிலிப்ஸுக்கு முன்பே வந்த தலை. பிறகு ஏன் உலகம் சுற்றவில்லை? ஃபோர்டின் மாடல் டி காருக்குக் கனடாவில் உடல் செய்தவர்கள் இதைப் பயன்படுத்தி நேரம் மிச்சம் பிடித்தார்கள். ஃபோர்டுக்கு ஆசை வந்தது, ஆனால் யார் எவ்வளவு செய்வது என்ற பிடி தன் கையில் இருக்க வேண்டும் என்றார். ஏற்கனவே இங்கிலாந்தில் உரிமம் கொடுத்துச் சூடுபட்டிருந்த ராபர்ட்சன் முடியாது என்றுவிட்டார். பிலிப்ஸோ யார் கேட்டாலும் உரிமம் கொடுத்தார். உலகம் அவர் பக்கம் போனது. கனடா மட்டும் தன் பிள்ளையை விடவில்லை.

ஐபோனின் அடியில் ஐந்து இதழ் ஸ்க்ரூ இரண்டு. எந்த ஸ்க்ரூடிரைவரும் பொருந்தவில்லை. பேட்டரி மாற்ற நினைக்கிறேன். (மாணவி, திருச்சி)

அது பென்டலோப். ஆப்பிள் 2009-ல் மேக்புக் புரோவின் பேட்டரியில் ஆரம்பித்து, பிறகு ஐபோன் 4-ல் வெளிப்புறத்துக்கே கொண்டுவந்தது. உங்களுக்கு வேண்டியது பி2, சுமார் 0.8 மி.மீ. ஐஃபிக்ஸிட் போன்றவர்கள் இதற்காகவே கருவி விற்கிறார்கள், மலிவு செட்டுகளிலும் இருக்கும். ஐபோன் 7-லிருந்து உள்ளே மூன்று கை ஸ்க்ரூ வேறு சேர்ந்துகொள்ளும், அதற்கும் முனை இருக்கிற செட்டாக வாங்குங்கள். ஐந்து இதழால் கூடுதல் பிடிப்பு எதுவும் இல்லை, கண்டவர் திறக்கக் கூடாது என்பது மட்டும்தான் நோக்கம். காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திறக்க உரிமையாளரே சாவி தேடி அலைய வேண்டியிருப்பது எனக்குச் சம்மதம் இல்லை.

உள்ளே இருக்கும் ஸ்க்ரூக்கள் ஒன்றுக்கொன்று நீளம் மாறும். ஒரு தாளில் போனின் படம் வரைந்து, எடுத்த இடத்திலேயே செல்லோடேப்பால் ஒட்டி வையுங்கள். நீளமானதைக் குட்டையின் இடத்தில் இறுக்கினால் அடியிலுள்ள போர்டு போய்விடும்.

கடலோர வீடு. கதவுக் கீலின் ஸ்க்ரூக்கள் துருப்பிடித்துத் தலையும் தேய்ந்துவிட்டன. ஆசாரி கதவையே அறுக்கச் சொல்கிறார். (வாசகி, தூத்துக்குடி)

அறுக்க வேண்டாம். பழைய கதவு என்றால் மைனஸ் தலையாக இருக்கலாம். காடியில் பெயின்ட் அடைத்திருக்கும், ஹேக்ஸா பிளேடு நுனியால் சுத்தமாகச் சுரண்டுங்கள். காடியின் நீளத்துக்குச் சரியான அகலமுள்ள ஸ்க்ரூடிரைவரைப் போடுங்கள். குறுகலானதைப் போட்டால் நடுவை மட்டும் கிழிக்கும். சூடேறிய சால்டரிங் அயனைத் தலையில் கொஞ்ச நேரம் வைத்து எடுங்கள். பிறகு முதலில் இறுக்குகிற பக்கமாக ஒரு இழை திருப்பி, துரு உடைந்த சத்தம் கேட்டதும் கழற்றுங்கள்.

ஸ்டார் தலை தேய்ந்திருந்தால், ஒரு அளவு பெரிய பிட்டை வைத்துச் சுத்தியலால் தட்டி உட்காரவைக்கலாம். குழிக்கும் பிட்டுக்கும் நடுவே ரப்பர் பேண்ட் வைக்கும் வித்தை, லேசாகத் தேய்ந்ததற்குத்தான். எதுவும் நடக்கவில்லை என்றால் ஸ்க்ரூவின் தண்டு அளவுக்கு டிரில் பிட் எடுத்துத் தலையை மட்டும் துளைத்து எடுத்துவிடுங்கள். கீல் கையோடு வந்துவிடும், மிச்சத் தண்டைக் கட்டிங் பிளேயரால் பிடித்துத் திருப்பலாம். ஓட்டை பெரிதாகிவிட்டால் தீக்குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்து அடைத்து, காய்ந்த பிறகு புது ஸ்க்ரூ. உப்புக் காற்றுக்கு 304 எஸ்.எஸ். போதாது, 316 கேளுங்கள். விலை கூடத்தான், ஆனால் ஆசாரியை மறுபடி கூப்பிட வேண்டியதில்லை.

பொதுக் கழிப்பறைத் தடுப்புகளில் இறுக்க மட்டுமே முடிகிற ஒரு ஸ்க்ரூவைப் பார்த்தேன். கழற்றும் பக்கம் சரிந்து வழுக்குகிறது. அதை எப்படிக் கழற்றுவது? (வாசகர், சேலம்)

ஒன்வே ஸ்க்ரூ. மைனஸ் தலையில் இறுக்கும் பக்கச் சுவரை மட்டும் செங்குத்தாக விட்டு, கழற்றும் பக்கத்தைச் சரிவாக்கியிருப்பார்கள். தலை கொஞ்சம் மேலே நின்றால் வைஸ் கிரிப் பிளேயரால் ஓரத்தைக் கவ்வித் திருப்பலாம். இல்லையென்றால் புதுக் காடி அறுக்க வேண்டும், அல்லது துளைத்து எடுக்க வேண்டும். எல்லாம் சரி, பொதுக் கழிப்பறையில் இருப்பதை நீங்கள் எதற்குக் கழற்ற வேண்டும் என்று எழுதவே இல்லையே?